பவேரியச் சின்னத்தை வரையும்போது கவனிக்க வேண்டியவை
ஜெர்மனியின் பவேரியா மாநிலச் சின்னம் 1950-இல் சட்டமானது. கேடயத்தில் எது வலம், எது இடம் என்பதை அதைப் பிடித்திருப்பவர் பக்கமிருந்து கணக்கிடணும்; அவருடைய வலம் நமக்கு இடது. இது தெரியாமல்தான் பலர் அதன் நான்கு கட்டங்களை மாற்றி வரைகிறார்கள். நம் பார்வையில் மேல் இடது: கறுப்பில் பொன் சிங்கம், மேல் பாலட்டினேட் என்ற பகுதிக்கு. பக்கத்தில் ஃபிராங்கோனியா பகுதியின் சிவப்பு வெள்ளை ரம்பப் பற்கள். கீழ் இடது: நீலச் சிறுத்தை. அதற்குப் புள்ளி வைக்காதீர்கள்! கடைசியில், கீழ் வலது: சுவாபியா பகுதியின் மூன்று கறுப்புச் சிங்கங்கள், முகம் நம்மைப் பார்த்தபடி. சுவாபியாவை ஆண்ட ஹோஹென்ஸ்டௌஃபென் வம்சத்தின் சின்னம் அது; 1268-இல் அதன் கடைசி வாரிசு கொன்ராடினின் தலை துண்டிக்கப்பட்டதோடு அந்த வம்சமே முடிந்தது.

நடுவிலுள்ள வெள்ளை நீலச் சாய்சதுரங்கள் போகன் பிரபுக்களிடமிருந்து பவேரியாவை ஆண்ட விட்டெல்ஸ்பாக் வம்சத்துக்கு வந்தவை. சாய்வாகத்தான் ஓடணும்; நிமிர்த்தினால் தப்பு. உச்சியில் இருப்பது அரச கிரீடம் அல்ல, ஆட்சி மக்களுடையது என்று சொல்லும், ஐந்து இலை கொண்ட மக்கள் கிரீடம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.