குட்டைத் தந்தி

ஜனவரி 11, 2025
டர்ஹம், வட கரோலைனா. பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியத்தின் வகுப்பில் முதல் நாள். வாத்தியார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கறுப்பினத்தவர், எழுபதைத் தாண்டியிருப்பார். பாஞ்சோ என்றால் வெள்ளைக்கார மலைக்கிராமத்து வாத்தியம் என்றே நினைத்திருந்தேன், உளறியும்விட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து ஒரு சுரைக்குடுக்கையை எடுத்து மடியில் வைத்தார். ஆட்டுத்தோல் போர்த்தி, நீளக் கழி செருகி, மூன்று தந்தி. இதன் பெயர் அகோண்டிங். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்களுடையது. பாஞ்சோவுக்கு நெருங்கிய சொந்தம். அடிமைகளாகக் கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்களின் கையில் ஒன்றுமில்லை. வாசிக்கத் தெரிந்த கை மட்டும் இருந்தது. கரீபியத் தீவுகளிலும் பிறகு இங்கேயும் கிடைத்த சுரைக்காயில் செய்துகொண்டார்கள்.

ஜனவரி 18
நகத்தின் முதுகால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்ட வேண்டும். அதே வீச்சில் கட்டைவிரல் ஐந்தாவது குட்டைத் தந்தியில் போய் உட்கார்ந்து, அப்புறம் அதை விட வேண்டும். அந்தத் தந்தி எப்போதும் ஒரே சுருதி. அகோண்டிங்கிலும் இதே தட்டு, இதே கட்டைவிரல். என் நகம் உடைந்ததுதான் மிச்சம்.

ஜனவரி 30
பாஞ்சோ வாசித்துப் பாடும் ரியானன் கிடன்ஸ் பற்றித் தேடிப் படிக்கிறேன். இதே மாநிலத்துக் கிரீன்ஸ்பரோக்காரர், மேற்கத்திய இசைநாடகமான ஓபரா படித்தவர். 2005இல் பூன் நகரத்தில் நடந்த கறுப்பின பாஞ்சோக் கலைஞர்களின் கூடுகைக்குப் போய், அங்கே தன்னைப் போன்ற இளைஞர்களைச் சந்தித்திருக்கிறார். அதற்கப்புறம் மீபேனில் இருந்த ஜோ தாம்ஸன் வீட்டுக்கு வியாழக்கிழமைதோறும் போய்வந்தார்கள். ஜோ பிடில்காரர், அப்போதே எண்பதைத் தாண்டியவர். பாடம் என்று எதுவும் கிடையாது. அவர் வாசிப்பார், இவர்கள் கூடவே வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். அவர்களுடைய கரோலைனா சாக்லேட் டிராப்ஸ் இசைக்குழு அப்படித்தான் வளர்ந்தது. மீபேன் எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரம். எத்தனையோ தடவை அந்த வழியாகக் கார் ஓட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 9
சமையல் செய்துகொண்டே கிடன்ஸின் 2017 ஆல்பத்தைப் போட்டேன். முதல் பாட்டிலேயே அடுப்பை அணைக்க வேண்டியதாயிற்று. ஒரு பழைய விளம்பரத்திலிருந்து பிறந்த பாட்டு அது: இருபத்திரண்டு வயதுப் பெண் விற்பனைக்கு. அவளுக்கு ஒன்பது மாதக் குழந்தை இருக்கிறது. அதை எடுத்துக்கொள்வது வாங்குபவர் விருப்பம்.

போன வாரம்தான் பழைய காரை விற்க நானும் ஒரு விளம்பரம் எழுதினேன். குளிர்கால டயர் நான்கு இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்று கடைசியில் போட்டிருந்தேன். அதே வாக்கியம். அந்தப் பழைய விளம்பரத்தை எழுதியவனும் இப்படித்தான், கோபமோ குரூரமோ இல்லாமல், இடம் மிச்சம் பிடித்து எழுதியிருப்பான். கிடன்ஸ் பாடுவது அவனைப் பற்றியல்ல, அவளாகவே நின்று பாடுகிறார்.

பிப்ரவரி 22
‘ஓமர்’ ஓபரா பற்றி. இசை, கிடன்ஸும் மைக்கேல் ஏபல்ஸும். 2023இல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. செனகலின் ஃபூட்டா டோரோவில் படித்த அறிஞர் ஓமர் இப்னு சயீத், 1807இல் தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டனில் அடிமையாக விற்கப்பட்டார். தப்பியோடி, வட கரோலைனாவின் பேயட்வில் சிறையில் அடைபட்டபோது சுவரெல்லாம் கரியால் அரபியில் எழுதினாராம். 1831இல் எழுதிய தன்வரலாற்றைக் குர்ஆனின் சூரத்துல் முல்க்கை வைத்துத் தொடங்குகிறார். ஆட்சியும் உடைமையும் இறைவன் கையில் என்கிற அத்தியாயம்! அவரை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கு அரபி தெரியாது. ஓபரா 2022இல் முதலில் அரங்கேறியது அதே சார்ல்ஸ்டனில்.

மார்ச் 8
அந்த விளம்பரப் பாட்டைக் கற்றுக்கொடுங்கள் என்று வாத்தியாரிடம் கேட்டேன். "அது இருக்கட்டும்" என்றார். "எங்கள் ஆட்கள் அழுதது மட்டும்தான் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. சோளம் உரித்து முடித்த ராத்திரி, சாமானையெல்லாம் வெளியே எடுத்துவைத்துவிட்டு விடியவிடிய ஆடினார்கள், தெரியுமா?"

சுருக்கென்றது. நாற்காலிகளை ஓரமாகத் தள்ளினோம். ஆட்டத்துக்கான மெட்டு ஒன்று, மொத்தமே இரண்டு அடி. பத்துத் தடவை, இருபது தடவை. எங்கேயோ நடுவில் என் கட்டைவிரல் தானாகவே குட்டைத் தந்திக்குப் போய்விட்டு வந்தது. நான் நிறுத்திவிட்டேன்.

"நிறுத்தாதே" என்றார், காலால் தாளம் போட்டுக்கொண்டே.