சூடான கம்பியில் கொரோனா: வாய்மொழித் தேர்வில் நான் திருத்திக்கொண்ட விடை

உயர் மின்னழுத்தப் பொறியியல் முதுகலைப் படிப்பின் ஆய்வகப் பயிற்சியில், உருளை ஒன்றின் நடுவே இழுத்துக் கட்டிய டங்ஸ்டன் கம்பியைச் சூடாக்கி, கொரோனா (கம்பியை ஒட்டிய காற்று அயனியாகி ஒளிரும் மின்னிறக்கம்) தொடங்கும் மின்னழுத்தத்தை அளந்தோம். கம்பி சூடேறச் சூடேற, விளக்கணைத்த அறையில் தெரியும் ஊதா ஒளிர்வும் மெல்லிய சீறலும் முன்னைவிடக் குறைந்த மின்னழுத்தத்திலேயே தொடங்கின. வாய்மொழித் தேர்வில் காரணம் கேட்டபோது, சூடான உலோகம் எலக்ட்ரான்களை உமிழ்வதே காரணம் என்று தயங்காமல் சொன்னேன். 600 கெல்வினில் எவ்வளவு உமிழும் என்று கணக்கிடச் சொன்னார் தேர்வாளர்.

டங்ஸ்டனின் வெளியேற்று ஆற்றல், அதாவது உலோகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான ஆற்றல், ஏறத்தாழ 4.5 எலக்ட்ரான் வோல்ட். சூடான உலோகத்தின் எலக்ட்ரான் உமிழ்வைத் தரும் ரிச்சர்ட்சன் சமன்பாட்டில் அதை இட்டால், அந்த வெப்பநிலையில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து ஒரே ஓர் எலக்ட்ரான் வெளிவர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். விடை கரும்பலகையில் வந்து நின்றபோதுதான், இந்த உமிழ்வு 2000 கெல்வினை ஒட்டிய வெப்பநிலைகளுக்கு உரியது என்பது எனக்கு உறைத்தது.

உண்மைக் காரணம் கம்பியை ஒட்டிய காற்றில் இருக்கிறது. அழுத்தம் மாறாமல் வெப்பநிலை உயர்ந்தால் அடர்த்தி குறைகிறது. சராசரி மோதலிடைத் தூரம் நீள்வதால், எலக்ட்ரான் இரு மோதல்களுக்கு இடையே மின்புலத்திலிருந்து கூடுதல் ஆற்றலைப் பெற்று, குறைந்த மின்புலத்திலேயே மூலக்கூறுகளை அயனியாக்குகிறது.

இங்கே இன்னொரு பிழையும் நேர்வதுண்டு. 25 டிகிரி செல்சியசிலிருந்து 325 டிகிரிக்குச் சென்றால் அடர்த்திக் காரணி (இயல்பு நிலைக் காற்றுடன் ஒப்பிட்ட அடர்த்தி) பாதியாகிறது. ஆகவே கொரோனா தொடங்கும் மின்புலமும் பாதியாகும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அந்தத் தொடக்கப் புலத்தைத் தரும் பீக் சூத்திரத்தில் அடர்த்திக் காரணி அடைப்புக்குறிக்குள் வர்க்கமூலத்தின் கீழும் வருகிறது என்பதை மறக்கக் கூடாது. 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள வழுவழுப்பான கம்பிக்குக் கணக்கிட்டால், சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 61 கிலோவோல்ட்டாக இருந்த புலம் 37 ஆகிறது. அதாவது முன்பிருந்ததில் 60 விழுக்காடு.

தேர்வுக் கேள்வியில் மூடிய கலம் என்று இருந்தால் கவனம் தேவை. கலம் முழுவதும் சீராகச் சூடானால் அழுத்தமும் கூடவே உயரும். அடர்த்தி மாறாது என்பதால் இந்த வழியில் மின்முறிவு மின்னழுத்தம் (காற்றின் மின்காப்பு உடையும் மின்னழுத்தம்) குறையாது. கம்பி மட்டும் சூடானால், அதைச் சுற்றியுள்ள காற்று விரிந்து அடர்த்தி குறையும். கொரோனா அங்கேதான் பிறக்கிறது. ஆனால் தீப்பொறி இடைவெளி முழுவதையும் கடக்க வேண்டியிருப்பதால், அதற்குக் குளிர்ந்த பகுதியின் அடர்த்தியையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதுங்கள்.

கம்பியின் வெப்பநிலையை அதன் மின்தடை மாற்றத்திலிருந்து கண்டறிந்தோம். அது உலோகத்தின் வெப்பநிலை மட்டுமே. மேற்பரப்பிலிருந்து விலக விலகக் காற்று குளிர்கிறது. எனவே அதே எண்ணைச் சூத்திரத்தில் இட்டால், கணக்கில் கிடைக்கும் வீழ்ச்சி அளவீட்டில் தெரிவதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.