ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை: பழைய பிக்கப்பின் டீசல் கணக்கு

2006-இல் பதிவான இந்த டீசல் பிக்கப், பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காசிமேட்டிலிருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டிகளைச் சுமந்த வண்டி. மாமா தொழிலை விட்ட பிறகு அது தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. வார விடுமுறைகளில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்வது எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. பாடியின் துருவையெல்லாம் ஒருவழியாக முடித்த பிறகுதான் டீசல் செலவு கண்ணை உறுத்தத் தொடங்கியது. தன் கையில் இருந்தவரை லிட்டருக்குப் பதின்மூன்று கி.மீ. கொடுத்த வண்டி என்று மாமா சத்தியம் செய்கிறார். எனக்கோ ஒன்பதைத் தொடுவதே பாடாக இருந்தது.

வியாசர்பாடியில் வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் வண்டியை ஒரு முறை உறுமவிட்டுப் பார்த்துவிட்டு, “பம்ப், நாசில் ரெண்டையும் இறக்கிடலாம் சார், வேற வழி இல்ல” என்றார். டீசலை அழுத்தி அனுப்பும் பம்பையும் அதை எஞ்சினுக்குள் தூவும் நாசிலையும் கழற்றிச் சரிசெய்வது பெரிய செலவு வைக்கும் வேலை. அதற்கு முன் அளந்து பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

அளப்பது நான் நினைத்ததைவிடச் சிரமமான வேலையாக இருந்தது. டேங்கை நிரப்பி, ஓட்டி, மீண்டும் நிரப்பிக் கணக்கிடும் முறையில் நிரப்பும் விதமே முதல் பிழையாகிவிடுகிறது. டீசல் நுரைக்கும் என்பதால் பங்கில் குழாய் முதல் முறை தானாக நிற்கும்போது டேங்க் உண்மையில் நிறைந்திருப்பதில்லை. எனவே ஒரே பங்க், ஒரே குழாய், ஒரே இடத்தில் வண்டியின் முகம் ஒரே திசையில் என்று வைத்துக்கொண்டு, நுரை அடங்கும்வரை காத்திருந்து, கழுத்துப் பகுதியில் டீசல் கண்ணுக்குத் தெரியும் அளவு வரை மெதுவாக நிரப்பச் சொன்னேன். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்ததைச் சொல்லத் தேவையில்லை. அப்படி நிரப்பிய வண்டியை வெயிலில் நிறுத்தி வைக்காமல் உடனே ஓட்டத்துக்கு எடுத்துவிட வேண்டும், டீசல் சூட்டில் விரிந்து வழியும்.

எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் அளவெடுக்கப் போகவில்லை. துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் ஒரு நாள் இருபது நிமிடம் நின்றால் இன்னொரு நாள் ஒன்றரை மணி நேரம் நிற்க நேரும்; அந்த எண்களை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. ஞாயிறு விடியற்காலையில் மாதவரம், செங்குன்றம் வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை அறுபது கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் போய்த் திரும்புவது இரண்டு முறை, மீதி வழக்கமான நகர ஓட்டம், சுமை எதுவும் இல்லை என்று ஒரு சுற்றை வரையறுத்துக்கொண்டேன்.

முதல் சுற்றில் மீட்டர் 214 கி.மீ. காட்டியது, 24.6 லிட்டர் பிடித்தது. லிட்டருக்கு 8.7. ஆனால் அதே பயணத்தில் கைப்பேசியின் ஜி.பி.எஸ்ஸையும் ஓடவிட்டிருந்தேன், மீட்டர் 48 கி.மீ. ஓடியபோது கைப்பேசி 50.1 காட்டியது. டயரின் பக்கவாட்டைப் படித்ததும் காரணம் தெரிந்தது. வண்டிக்கு உரிய அளவு 215/75 ஆர் 15, மாட்டியிருப்பதோ 235/75 ஆர் 15. முன்னதன் விட்டம் 703.5 மி.மீ., பின்னதன் விட்டம் 733.5 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு நூற்றுக்கு நான்குக்கும் சற்று அதிகமான தூரம் கூடுதலாகப் போகிறது, மீட்டருக்கு அது தெரியாது. திருத்திய கணக்கில் 9.07 வந்தது. ஒரு நட்டைக்கூடத் தொடாமல் கிடைத்த லாபம் என்று வீட்டில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து, வண்டி தடையில்லாமல் உருள்கிறதா என்று பார்த்தேன். சமதளத்தில் நியூட்ரலில் விட்டால் நான் எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் நின்றது. ஓட்டிவிட்டு வந்த கையோடு நான்கு சக்கரங்களின் சூட்டையும் தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தேன். மற்ற மூன்றும் 60 டிகிரியை ஒட்டி இருக்க, இடது பின் சக்கரத்தின் பிரேக் டிரம் மட்டும் 118 டிகிரி காட்டியது. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றியதில், வலது சக்கரம் இரண்டு சுற்று ஓடி நின்றது. இடது சக்கரம் கால் சுற்றுக்கு மேல் நகரவில்லை. டிரம்மைக் கழற்றவே அரை நாள் பிடித்தது. உள்ளே கரித்தூள் குவிந்திருந்தது, டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் லைனரின் மேல்பரப்பு தேய்த்து வைத்த கண்ணாடிபோல் பளபளத்தது. ஹேண்ட் பிரேக் கேபிளின் ஒரு முனையைக் குறடால் பிடித்து இழுத்தால் வந்தது, விட்டால் திரும்பிப் போகவில்லை, அதாவது பிரேக் முழுதாக விடுபடவே இல்லை. உறையைக் கீறிப் பார்த்தபோது உள்ளிருக்கும் கம்பி முழுக்கத் துரு. பாடியின் தரைப் பலகை இடுக்கு வழியாக இத்தனை ஆண்டுகள் ஒழுகிய ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் நேராக அந்த இடத்தில்தான் சொட்டியிருக்கின்றன. உப்புக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. லைனரை டிரம்மோடு அழுத்தும் வீல் சிலிண்டரின் ஒரு பிஸ்டனும் இறுகியிருந்தது. கேபிள் புதிது, இரு பக்கமும் சிலிண்டரும் லைனரும் புதிது. அடுத்த சுற்றில் 10.0.

இந்த நிலையில்தான் இதுவரை கண்டுகொள்ளாமல் விட்ட ஒன்று கண்ணில் பட்டது. வெப்பமுள் எப்போதும் கால் பங்குக்குக் கீழேயே இருந்தது; நெடுஞ்சாலையில் காற்று அடிக்க அடிக்க இன்னும் இறங்கியது. சென்னையில் வண்டி சூடாகாமல் ஓடுவது நல்ல செய்தி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட்; அதன் மூடியைக் கழற்றினால் உள்ளே வால்வே இல்லை, வெற்றிடம். மாமாவிடம் கேட்டபோது, “அதுவா மாப்ளே, ஒரு அக்னி நட்சத்திரத்துல வண்டி கொதிச்சுடுச்சு, அப்ப ஒருத்தர் கழட்டிப் போட்டுட்டாரு, அதுக்கப்புறம் ஒரு தொல்லையும் இல்ல” என்றார். தொல்லை இல்லைதான். ஆனால் வால்வு இல்லாவிட்டால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தண்ணீர் முழுவதும் ரேடியேட்டர் வழியாகச் சுற்றத் தொடங்கிவிடும், எஞ்சின் தனக்குரிய சூட்டை எட்டவே எட்டாது. ஆயில் கெட்டியாகவே இருப்பதால் உராய்வு கூடுகிறது. எரிந்த டீசலின் வெப்பத்தில் பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பயன்பட வேண்டிய பங்கு சிலிண்டர் சுவரின் வழியே தண்ணீருக்குப் போகிறது. டீசல் பற்றிக்கொள்ளவும் தாமதமாகிறது.

வாங்கி வந்த புது வால்வில் 82 என்று பொறித்திருந்தது. மாட்டுவதற்கு முன் சோதித்துவிட வேண்டும் என்பதால், சமையலறையில் ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி அடியைத் தொடாதபடி தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியையும் இறக்கினேன். மனைவி பாத்திரத்தை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்துவிட்டு, அந்தப் பாத்திரம் இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். 80 வரை அசைவில்லை. 83-ஐ நெருங்கும்போது நடுத்தட்டின் ஓரத்தில் மயிரிழை அளவு இடைவெளி தெரிந்தது, 95-இல் முழுதாகத் திறந்துவிட்டது. அடுப்பை அணைத்து ஆறவிட்டால் சொன்ன பேச்சைக் கேட்டதுபோல் மூடிக்கொண்டது.

வால்வை மட்டும் போட்டால் மறுபடியும் கொதிக்கும், ஏனென்றால் அன்று வண்டி கொதித்ததற்கு வால்வு காரணமாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. ரேடியேட்டரை இறக்கிக் கடையில் கொடுத்தேன். மேல் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தபோது, மூன்றில் ஒரு பங்குக் குழாய்கள் அடைத்திருந்ததாகச் சொன்னார்கள். தண்ணீரோடு கூலண்ட்டும் சரியான அளவில் கலந்து ஊற்றினேன். இப்போது முள் பாதிக்குச் சற்றுக் கீழே அசையாமல் நிற்கிறது. மூன்றாவது சுற்றில் 10.6.

மூலக்கடை மேம்பாலத்தில் ஏறும்போது பின்னால் வருபவர் முகத்தில் கரும்புகை அடித்துக்கொண்டிருந்ததால், ஏர் ஃபில்டரை மாற்றினேன். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் கிளாம்ப்புக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கு கசிந்திருந்த இடத்தைத் துடைத்து வளைத்துப் பார்த்தால் விரலளவு விரிசல். டர்போவின் அழுத்தத்தில் மட்டும் வாய் திறக்கும் விரிசல் என்பதால் நிறுத்தி வைத்துப் பார்த்தபோதெல்லாம் தப்பியிருக்கிறது. ஹோஸ் மாற்றியதும் புகை பெருமளவு குறைந்து, இழுவையும் கூடியது. கணக்கில் 10.8 வந்தது, ஆனால் அதை முன்னேற்றம் என்று எழுதிக்கொள்ள மாட்டேன். நிரப்புவதில் அரை லிட்டர் முன்பின்னானாலே லிட்டருக்கு 0.2 கி.மீ. மாறிவிடும்.

மீதமிருந்தது மெக்கானிக் அண்ணனின் பம்ப்பும் நாசிலும். எஞ்சினை ஐடிலில் விட்டு, நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தினால், அந்தச் சிலிண்டர் வேலை செய்வது நின்று எஞ்சின் தடுமாற வேண்டும். ஒன்று, இரண்டு, நான்கில் தடுமாறியது, மூன்றில் பெரிதாக எந்த மாற்றமும் இல்லை, அதாவது அது முன்பே சரியாக வேலை செய்யவில்லை. எல்லா நாசில்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டிகளில் இதைச் செய்யவே கூடாது. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியிலும் தோலைத் துளைக்கும் அழுத்தத்தில் டீசல் பீறிடும் என்பதால், கண்ணாடியும் கையுறையும் போட்டு, நட்டின் மேல் துணியைச் சுற்றி, கையைத் தள்ளி வைத்துத்தான் செய்தேன். நான்கு நாசில்களையும் பம்ப் கடைக்கு எடுத்துப் போனேன். சோதனைக் கருவியில் மற்ற மூன்றும் பனிபோலத் தூவ, மூன்றாவது மட்டும் குழாயில் வாஷர் போனதுபோல் சொட்டியது. நான்கிலும் நாசில் முனையை மாற்றி, கையேட்டில் உள்ள அழுத்தத்துக்கு வைத்துக் கொடுத்தார்கள். பம்பைப் பிரிக்கத் தேவைப்படவில்லை. ஆக, அண்ணன் சொன்னதில் பாதி சரி, அதை அவரிடம் நேரில் சொல்லியும் விட்டேன்.

கடைசிச் சுற்றில் 11.5. மாதம் 900 கி.மீ. ஓடும் எனக்கு, 9.07-இல் 99 லிட்டர் பிடித்த இடத்தில் இப்போது 78 லிட்டர் பிடிக்கிறது. மாமாவின் பதின்மூன்றை இனி தேடப் போவதில்லை. அவர் ஒரு நாளும் எழுதி வைத்துக் கணக்குப் பார்த்தவர் அல்லர், அதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

நானூறு கி.மீ. கழித்து இடது பின் டிரம்மை மறுபடி அளந்தேன், 64 டிகிரி. முன் டயர்களின் வெளி ஓரம் மட்டும் ரம்பம்போல் தேய்ந்து வருகிறது. அடுத்த வாரம் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, இந்த டயர்கள் தேய்ந்ததும் 215-க்குத் திரும்ப வேண்டும்.