ட்ரே லான்ஸும் அந்தப் பன்னிரண்டாவது தேர்வும்

என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கில், அணிகள் வரிசையாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வந்தாலே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் என்றதும் அணிகளுக்கு அப்படி ஒரு மயக்கம்.

2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று தேர்வும் குவார்ட்டர்பேக்தான். மூன்றாவதாக ட்ரே லான்ஸை எடுக்க சான் பிரான்சிஸ்கோ தன் மூன்று முதல் சுற்றுத் தேர்வு வாய்ப்புகளைத் தூக்கிக் கொடுத்தது, அவர் அங்கே தொடக்க வீரராக இறங்கியது மொத்தமே நாலு ஆட்டம். கொடுத்ததில் ஒன்று அந்த வருடத்துப் பன்னிரண்டாவது தேர்வு. அது மயாமி, ஃபிலடெல்ஃபியா என்று கை மாறி டல்லஸுக்குப் போய், அதில்தான் மைக்கா பார்சன்ஸ் வந்தார். முதல் சீசனிலேயே எதிரணி குவார்ட்டர்பேக்கைச் சாய்த்த கணக்கு 13 சாக்! வயிறு எரியாதா?

இதில் வேடிக்கை, 2022ல் அதே சான் பிரான்சிஸ்கோ கடைசித் தேர்வாக, 262வது ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக் ப்ராக் பர்டிதான் அவர்களை லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்குக் கூட்டிப்போனார்.

சரி, நட்சத்திர குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் மாதிரி ஒருவர் கிடைத்தால் என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். எடுப்பேன்தான். ஆனால் 2017ல் அவரைத் தாண்டி ட்ருபிஸ்கி என்ற குவார்ட்டர்பேக்கை இரண்டாவதாக எடுத்தது சிகாகோ, நானில்லை. சந்தேகமாக இருந்தால் பார்சன்ஸ் மாதிரி குவார்ட்டர்பேக்கைத் துரத்திச் சாய்க்கும் பாஸ் ரஷரை எடுங்கப்பா.