ஊற்றாமல் விட்டிருந்தால்

குறைமாதப் பிள்ளைகளைப் பராமரிக்கும் பிபியு (PBU) வார்ட்டில் வேலை செய்யும் கத்தோலிக்கத் தாதிகளுக்கு ஆபத்து நேரத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) புதிதல்ல. குருவானவர் வரும்வரை காத்திருக்க முடியாதபோது யாரும் கொடுக்கலாம். கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. திருச்சபை செய்வதைத் தானும் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால் போதும். பிள்ளைக்கு உயிர் இருக்க வேண்டும், தண்ணீர் தலையில் ஓட வேண்டும், தந்தை, மகன், தூய ஆவியின் பெயரைச் சொல்ல வேண்டும். நானும் பல பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு தகப்பன் கேட்ட கேள்வி மட்டும் என்னை இன்னும் விடவில்லை.

"மிஸ், நீங்க ஊத்தாம விட்டிருந்தா என் பிள்ளை எங்க போயிருக்கும்?"

தாய் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். தகப்பன் கொட்டாஞ்சேனை, இந்து. பிள்ளை 27 வாரத்தில் பிறந்தது. இரத்தத்தில் ஒட்சிசன் அளவு (சாச்சுரேஷன்) இறங்கத் தொடங்கியபோது தாய், சிசேரியன் செய்த உடம்போடு மேல்மாடி வார்ட்டில் கிடந்தார். போனில் எடுத்துச் சொன்னோம். "மிஸ், தண்ணி ஊத்திவிடுங்கோ" என்பதைத் தவிர வேறொன்றும் அவருக்கு வாயில் வரவில்லை.

தகப்பன் அதற்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தார், அதை மட்டும் செய்யவேண்டாம் என்று. அவர் கிறிஸ்தவ வேதத்தை வெறுக்கிறவர் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவர். "மெழுகுதிரி கொளுத்துறது வேற மிஸ். ஞானஸ்நானம் குடுத்துட்டா அவன் எங்க ஆள் இல்லன்னு ஆயிரும்" என்றார். திருமுழுக்கை வெறும் விருந்தாக நடத்தும் எங்கள் ஆட்கள் பலரைவிட அவர் அதைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார். கிறிஸ்துவோடு இறந்து அவரோடு எழுவது என்று பவுல் ரோமையருக்கு எழுதினாரே, அது விளையாட்டான காரியமா? ஒருவன் யாருக்குச் சொந்தம் என்பதே அங்கே மாறுகிறது.

சட்டப்படி நான் செய்தது சரி. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 868ஆம் பிரிவு, பெற்றோரில் ஒருவர் சம்மதித்தால் போதும் என்கிறது. சாகும் ஆபத்தில் இருக்கும் குழந்தைக்குப் பெற்றோர் இருவரும் மறுத்தாலும் கொடுக்கலாம் என்பதுவரை அதே பிரிவு போகிறது. அந்தக் கடைசி வரியை நான் ஒருநாளும் கையில் எடுத்ததில்லை, எடுக்கவும் மாட்டேன். ஆனால் இங்கே பெற்ற தாய் கேட்டார். கேட்டவர் தாய், மறுத்தவர் தகப்பன். இருவரில் யாருடைய கண்ணீர் பெரியது என்று அளக்க எனக்கு நேரமிருக்கவில்லை.

ஊசி மருந்து கலக்கும் தண்ணீரை ஒரு சிசி சிரிஞ்சில் எடுத்து, குளிர் போக உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கினேன். இன்கியூபேட்டரின் வட்டக் கதவைத் திறந்து, கம்பளித் தொப்பியைப் பின்னால் தள்ளினேன். உதட்டில் டியூப்பை ஒட்டியிருந்த பிளாஸ்டர் நனையாதபடி நெற்றியின் மேல்பக்கமாக மூன்று தடவை. பக்கத்து இன்கியூபேட்டரில் யாரோ பௌத்தர்கள் ஓதிக் கட்டும் பிரித் நூலைக் கட்டியிருந்தார்கள். என்னோடு நின்ற சிங்களத் தாதி ஒன்றும் கேட்காமல் பஞ்சை நீட்டினார். விடியுமுன் பிள்ளை போய்விட்டது.

காலையில் தகப்பன் நேராகவே கேட்டார், ஊத்துனீங்களா என்று. ஓம் என்றேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி. "கடவுளிட்டதான் போயிருக்கும் ஐயா" என்றேன்.

"அப்ப என்னத்துக்கு ஊத்துனீங்க?"

"அம்மா கேட்டாங்க."

அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. நான் சொன்ன இரண்டும் உண்மை. இருந்தும் அவருக்குக் கொடுக்க வேண்டிய பதில் அதில் இல்லை.

தண்ணீராலும் ஆவியாலும் பிறக்காவிட்டால் இறையாட்சிக்குள் நுழைய முடியாது என்று யோவான் 3ஆம் அதிகாரம் சொல்கிறது. அதை எழுத்துக்கு எழுத்து எடுத்த பழைய காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீனார், திருமுழுக்குப் பெறாத குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக இலேசானது என்றார். அதைத் தாங்க முடியாமல்தான் பிற்காலத்தவர் துன்பமும் இல்லாத, கடவுளின் தரிசனமும் இல்லாத லிம்போ என்ற இடத்தைப் பேசினார்கள். கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 1257ஆம் எண்ணில் கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு கட்டியிருக்கிறார், தாமோ திருமுழுக்கு போன்ற தம் அருளடையாளங்களால் கட்டுப்பட்டவர் அல்ல என்கிறது. 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் வெளியிட்ட அறிக்கையும், இந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று எதிர்நோக்கப் பலமான காரணங்கள் உண்டு என்றுதான் சொன்னது. எதிர்நோக்கு, அவ்வளவுதான், நிச்சயமாகத் தெரியும் என்று சொல்லவில்லை. அந்தத் தகப்பனிடம் நான் "கடவுளிட்டதான்" என்றது திருச்சபை பேசத் துணிந்ததைவிட உறுதியான பேச்சு. அப்போதும் அதை நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

நம்பினால் கை ஏன் அவ்வளவு அவசரப்பட்டது? என் அம்மம்மாவின் மூத்த பிள்ளை தண்ணீர் படாமல் போனது. சேமக்காலைக்குள், அதாவது கல்லறைத் தோட்டத்துக்குள், இடம் கொடுக்கவில்லை, வேலிக்கு வெளியே தாட்டார்கள். கிழவி சாகும்வரை அந்த வேலியைப் பற்றிப் பேசினா. இன்று அந்த நிலை இல்லை. பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்து அதற்குமுன் பிள்ளை இறந்தால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கம் கொடுக்கலாம் என்று 1183ஆம் பிரிவு சொல்கிறது. இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்த வேலி என் கைக்குள் இருக்கிறது போல.

எங்கள் வார்ட்டில் பெந்தெகொஸ்தே சபைத் தாதி ஒருவர் இருக்கிறார். விசுவாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் தேவையே இல்லை, அது ஏற்கெனவே ஆண்டவருடையது என்பார். அவருக்கு நிம்மதி. எனக்கு அப்படி விட முடியவில்லை. பால் கொடுக்கவில்லை, தூக்கவில்லை, முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை அந்தத் தாய். தன் பிள்ளைக்குக் கொடுக்க அவரிடம் மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். அருள் என்பதே கேட்காதவனுக்கும் கிடைப்பது என்றால், ஒரு சொல்லும் பேசாத பிள்ளையைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்? இப்படி நினைக்கும்போது மனம் ஆறுகிறது. அடுத்த நிமிடமே தகப்பன் நினைவுக்கு வருகிறார். அவரிடமும் கொடுக்க ஒன்றுதான் மிஞ்சியிருந்தது, "எங்க ஆள்" என்ற உரிமை.

ஆபத்தில் கொடுத்ததையும் பங்கு ஆலயத்துக்கு அறிவித்துப் பதிய வேண்டும். அறிவித்தேன். பிள்ளையின் பெயரையும் தகப்பன் பெயரையும் தாய்தான் சொன்னார்.

இன்னொரு தாய் கேட்டாலும் ஊற்றுவேன். தகப்பன் மறுத்திருந்தால், நேரமிருந்தால், முதலில் இருவரையும் பேசவைப்பேன். பிபியுவில் அந்த நேரம் பெரும்பாலும் கிடைப்பதில்லை.