37 வயசுல குழந்தைக்கு ட்ரை பண்றவங்களுக்கு

"விசேஷம் ஒன்னும் இல்லையா"ன்னு கேக்குறவங்கள விடுங்க, 35 தாண்டிட்டா அட்வைஸ் தர்றவங்கதான் இன்னும் ஜாஸ்தி. என் மாமியார் காலையில உளுந்தங்களி, சாயங்காலம் முருங்கைக்கீரை சூப்புன்னு கையோட கொண்டுவந்து நிப்பாங்க, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க அந்தக் களி எனக்குப் புடிக்கும்ங்கறதால நான் சண்டை போடல, ஆனா களி சாப்பிட்டா கருமுட்டையோட வயசு குறையாது, எந்தப் பவுடரும் லேகியமும் குறைக்காது, யூட்யூப்ல யாரு என்ன சொன்னாலும் சரி.

நம்ம கையில இருக்கறது வேற. முட்டை வெளிய வந்தா 12லேர்ந்து 24 மணி நேரம்தான் தாங்கும், விந்தணு உள்ள 5 நாள் வரைக்கும் இருக்கும், அதனால ஓவுலேஷனுக்கு (முட்டை வெளிய வர்ற நாளுக்கு) முந்தின நாலஞ்சு நாளும் அந்த நாளும்தான் முக்கியம். பீரியட்ஸ் ஆரம்பிச்சு 14வது நாள் முட்டை வரும்ங்கற கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது, எனக்கு சைக்கிள் 33 நாள், அப்போ 19 கிட்டதான் வரும். வெள்ளைப்படுறது முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுன்னு இழுபட்டா அதான் முட்டை வரப்போகுதுங்கற சிக்னல். ஃபோலிக் ஆசிட் (ஒரு வைட்டமின் மாத்திரை) தினமும் 400 மைக்ரோகிராம், கர்ப்பமாகுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடணும், தைராய்டு டெஸ்ட்டும் பாத்துடுங்க.

அப்புறம் வீட்டுக்காரர்! சஷ்டி விரதம் நாம இருப்போம், அவரு மடியில லேப்டாப்ப வச்சிக்கிட்டு சிகரெட் ஊதுவாரு. விந்தணு உருவாகவே ரெண்டரை மாசம் கிட்ட ஆகும், இன்னைக்கு நிறுத்தினாதான் அப்புறமா பலன் தெரியும். அவருக்கான விந்து டெஸ்ட் ரொம்ப சிம்பிள், அத முதல்ல எடுக்க வைங்க. 35க்கு மேலன்னா 6 மாசம் பாத்துட்டு டாக்டர்கிட்ட போயிடுங்க, 40 ஆயிடுச்சுன்னா அந்த 6 மாசமும் காத்திருக்க வேணாம்.