மூன்றாம் தரம் சொல்லப்படாத ஏலம்

2011-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள், இரவு ஒன்றரை மணிக்கு, நியூ ஜெர்சியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறை மேசையில் அமர்ந்து, கணினித் திரையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைகளில் 450 டாலருக்கு விற்ற கேமரா ஒன்று அந்த ஏலத் தளத்தில் 58 டாலர் சில்லறையில் நின்றது. கடிகாரம் பத்திலிருந்து இறங்கி மூன்றைத் தொட்டதும் எண்கள் சிவப்பாக மாறும். இரண்டு, ஒன்று என்று வரும்போது எங்கோ இருக்கும் ஒருவர் பொத்தானை அழுத்துவார்; விலை ஒரே ஒரு சென்ட் ஏறும்; கடிகாரம் மறுபடியும் பத்துக்குப் போய்விடும். அடுத்து நான் அழுத்துவேன். கேமரா கடைசியில் 61 டாலர் 37 சென்ட்டுக்கு வேறொருவருக்குப் போயிற்று. அந்த விலையில் என் பங்கு 150 அழுத்தல்கள், அதாவது ஒன்றரை டாலர். அந்த ஒன்றரை டாலரை ஏற்றுவதற்கு நான் கொடுத்தது 90 டாலர்.

பென்னி ஏலம் என்று பெயர் பெற்ற இந்த வியாபாரத்தின் முழுக் கணக்கும் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது. நம் ஊரில் ஏலம் என்றால் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று சொல்லி முடிப்பார்கள். கேட்டும் கிடைக்காதவர் கையில் வைத்திருந்த பணத்தோடு வீட்டுக்குப் போவார். பென்னி ஏலத்தில் வாய் திறந்து கேட்பதற்கே காசு. பொத்தானை ஒருமுறை அழுத்துவது ஒரு கேட்பு; அந்தக் கேட்புகளை முன்கூட்டியே கட்டுக்கட்டாக விலைக்கு வாங்க வேண்டும். நான் பங்கேற்ற தளத்தில் ஒரு கேட்பின் விலை 60 சென்ட். விலை சென்ட் சென்ட்டாகவே ஏறுவதால், 61 டாலர் 37 சென்ட் என்பதன் பொருள் 6,137 கேட்புகள் என்பதாகும். அவற்றின் விலை 3,682 டாலர். வென்றவர் தனியாகக் கட்டும் 61 டாலரையும் சேர்த்தால், 450 டாலர் பொருளுக்கு அந்த நிறுவனம் ஏறக்குறைய 3,740 டாலர் வரை வசூலிக்க இடமிருக்கிறது. இலவசமாகக் கொடுத்த கேட்புகள் சில இருந்திருக்கலாம் என்று கழித்துப் பார்த்தாலும், தோற்றவர்களின் பணம்தான் அங்கே வருமானம் என்பது மாறாது. திரையில் பெரிய எழுத்தில் தெரிவது 61.37 மட்டுமே.

இந்த முறையை முதலில் பெரிய அளவில் நடத்திய தளம் ஸ்வூப்போ. 2005-இல் ஜெர்மனியில் டெலிபிட் என்ற பெயரில் தொடங்கி, பிறகு பெயரை மாற்றிக்கொண்டு, பிரிட்டன், அமெரிக்கா என்று பரவி, 2011-இல் மூடப்பட்டது. அந்தத் தளத்தில் நடந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏலங்களை நெட் ஆகன்பிளிக் என்ற பொருளியலாளர் ஆராய்ந்திருக்கிறார். சராசரியாகப் பொருளின் மதிப்பைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் தளத்துக்கு வருவாய் கிடைத்தது என்றும், ஒருவர் எவ்வளவு பணத்தை ஏற்கெனவே இழந்திருக்கிறாரோ அந்த அளவுக்கு அவர் அந்த ஏலத்தை விட்டு விலகத் தயங்குகிறார் என்றும் அவர் கண்டார். விட்டதைப் பிடிக்கப் போவது என்று நம்மவர்கள் சீட்டாட்டத்தைப் பற்றிச் சொல்வது இதுதான். எனக்கும் அதுவே நடந்தது. முதல் நூறு கேட்புகள் தீர்ந்தபோது நான் எழுந்து போயிருக்கலாம். போட்ட 60 டாலர் வீணாகிவிடுமே என்று இன்னும் 30 டாலருக்கு ஐம்பது கேட்புகள் வாங்கினேன்.

அந்த முதல் 60 டாலரை நான் விரும்பிக் கட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதிவு செய்யும்போது கடன் அட்டை எண்ணைக் கேட்டார்கள். சரிபார்ப்பதற்காக இருக்கும் என்று நினைத்துக் கொடுத்தேன். அடுத்த பக்கத்திலேயே நூறு கேட்புகள் வாங்கியதற்கு நன்றி என்று வந்தது. சிறிய எழுத்தில் அதை எங்கோ எழுதியிருந்தார்கள். பிறகு வாடிக்கையாளர்களின் புகார்களைத் தேடிப் படித்தபோது, மிகுதியானவர்கள் சொன்னது இந்த ஒன்றையே: இலவசம் என்றார்கள், அட்டையில் பணம் எடுத்துவிட்டார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2011 மே மாதத்தில் கனடாவைச் சேர்ந்த ஜெஸ்ஸி வில்ம்ஸ் மீது தொடுத்த வழக்கில், அவர் நடத்திய மற்ற இணைய வியாபாரங்களோடு பென்னி ஏலத் தளங்களும் இதே குற்றச்சாட்டுக்கு உள்ளாயின. 2012-இல் 35.9 கோடி டாலருக்குத் தீர்ப்பாகி வழக்கு சமரசத்தில் முடிந்தது; ஆனால் குறிப்பிட்ட சொத்துகளை ஒப்படைத்தால் மீதித் தொகை நிறுத்திவைக்கப்படும் என்பது ஏற்பாடு. இழந்தவர்களின் பணம் முழுவதும் திரும்பக் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது பெரிய புகார், எதிரே கேட்பவர் உண்மையான மனிதரா என்ற சந்தேகம். ஆள் வைத்து ஏலத்தை ஏற்றிவிடுவது பழைய தந்திரம். இணையத்தில் ஆள் கூட வேண்டாம், ஒரு நிரல் போதும். பென்னிபிடர் என்ற தளம் இப்படிப் போலிக் கேட்பாளர்களைப் புகுத்தியதாக வாஷிங்டன் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் அதன் மீது நடவடிக்கை எடுத்தது. எல்லாத் தளங்களும் இதைச் செய்தன என்று நான் சொல்லமாட்டேன். செய்ய வேண்டிய அவசியமே பல தளங்களுக்கு இல்லை என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது, ஏனென்றால் ஒரு மோசடியும் இல்லாமல் சொன்னபடி நடத்தினாலும் கணக்கு இப்படித்தான் முடியும்.

பொருள் வரவே இல்லை, தாமதமாக வந்தது, அனுப்பும் கட்டணம் அதிகம் என்னும் புகார்களும் உண்டு. தோற்ற பிறகு, செலவான கேட்புகளின் தொகையைக் கழித்துக்கொண்டு அதே பொருளை முழு விலைக்கு வாங்கலாம் என்ற வசதியைச் சில தளங்கள் கொடுத்தன. இது ஓரளவு நேர்மையான ஏற்பாடு. ஆயினும் வாங்குமுன் அந்த முழு விலை வெளிக் கடை விலைக்குச் சமமா என்று பார்த்துவிட வேண்டும்.

வட கரோலினாவின் லெக்சிங்டனில் நடந்தது இவை எல்லாவற்றையும் விடப் பெரியது. ஜீக்லர் என்ற பென்னி ஏலத் தளத்தைக் காட்டி, அதன் லாபத்தில் தினமும் பங்கு தருவதாகச் சொல்லி, ஜீக் ரிவார்ட்ஸ் என்ற திட்டத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேரிடம் பணம் திரட்டினார்கள். 2012 ஆகஸ்டில் பங்குச் சந்தை ஆணையம் அதை மூடியபோது, அது 60 கோடி டாலர் மோசடி என்றும், வந்த வருமானத்தில் சுமார் 98 சதவீதம் புதிதாகச் சேர்ந்தவர்களின் பணமே என்றும் தெரிவித்தது. அதை நடத்திய பால் பர்க்ஸுக்கு 2017-இல் 14 ஆண்டு 8 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

என் 90 டாலருக்கு வருகிறேன். அட்டை நிறுவனத்துக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்பினேன். அந்தத் தொகையைக் காட்டும் முதல் அட்டைக் கணக்குப் பட்டியல் வந்த 60 நாட்களுக்குள் இப்படி அனுப்ப அங்கே சட்டம் உரிமை தருகிறது. நீங்கள் வாங்கிய கேட்புகளைப் பயன்படுத்திவிட்டீர்கள், எனவே வாங்கியதை ஏற்றுக்கொண்டதாகவே பொருள் என்று பதில் வந்தது. அனுமதியில்லாமல் பணம் எடுக்கப்பட்டவர் ஒரே ஒரு கேட்பைக்கூடப் பயன்படுத்தாமல் உடனே எழுதிவிட வேண்டும் என்பதை நான் அப்போது அறியவில்லை. ஏலத் தளத்தின் பதில் இன்னும் சுருக்கம்: பொத்தானை அழுத்தியது நீங்கள்தான். அந்த வாக்கியம் பல வாரங்கள் என்னை வாய் திறக்கவிடாமல் வைத்திருந்தது. நம் மீதே தவறு என்று நினைப்பவர்கள் புகார் எழுதுவதில்லை, வீட்டில்கூடச் சொல்வதில்லை. நான் என் கணவரிடம் சொல்லவே ஒரு மாதம் ஆயிற்று.

அவர்தான் மாநில நுகர்வோர் பிரிவின் புகார்ப் படிவத்தை அச்செடுத்து என் முன்னால் வைத்தார். இழந்த தொகை என்ற இடத்தில் 90 என்று எழுதினேன். என்ன தீர்வு வேண்டும் என்ற கட்டத்தில், திரையில் ஓடும் விலைக்குப் பக்கத்தில், அந்தப் பொருளுக்காக அதுவரை எல்லோரும் செலவழித்த கேட்புகளின் மொத்தத் தொகையையும் அதே அளவு எழுத்தில் காட்டும்படி அந்தத் தளத்துக்கு உத்தரவிட வேண்டும் என்று எழுதினேன். கட்டத்தில் இடம் போதவில்லை. மீதியைத் தாளின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பினேன்.